கொடியில் காயும் சூரியன்

என் கைப்பிள்ளை செசிலி நனைத்த துணியை அலசுவதற்கு முன்னால் காயவைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் மட்டும் உள்ள முறை, மற்ற வீடுகளில் நனைத்த உடனே வாளியில் முக்கிவிடுவார்கள், நான் இப்போது குந்தியிருந்து முழங்கை வரை சோப்பு நுரையோடு கசக்கிக்கொண்டிருக்கிற இந்த ஆறு துணியும் காலையிலிருந்து கொடியில் கிடந்து காய்ந்து, கடலுக்குப் போகிற ஆம்பளைகள் ஒவ்வொருத்தராக வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, "இன்னைக்கு ஒண்ணும் இல்ல, போலாம்" என்று சொல்லிவிட்டுப் போன பிறகுதான் என் கைக்கு வந்தன. பீயைத் துடைத்த துணிக்கு இந்த மரியாதை கிடையாது. அதை யாரும் பார்க்க வேண்டியதில்லை. மூத்திரத் துணிக்குத்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆள் முன்னால் எனக்குப் பேச வராது. கல்யாணமாகி இந்தக் கடற்கரை ஊருக்கு வந்த முதல் வருஷம் மளிகைக் கடைக்காரர் என்னை ஊமை என்றே நினைத்துக் கையைக் காட்டிக் காட்டிப் பேசினார், அது வசதியாக இருந்ததால் நானும் திருத்தவில்லை. அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளையின் மூத்திரத்தைத்தான் ஊரே வரிசையில் நின்று படிக்கிறது.

செசிலிக்கு மூன்று மாதம் முடிந்த வியாழக்கிழமை அது தொடங்கியது. என் பழைய கருநீலச் சேலையைக் கிழித்துத் துண்டு துண்டாகப் போட்டிருந்தேன், அதில் ஒன்றை நனைத்தாள், நான் சோம்பேறித்தனமாக அப்படியே கொடியில் போட்டுவிட்டேன், வெயிலில் காய்ந்தபோது நடுவில் வட்டமாக ஒன்றுமில்லாமல் நீலமாகவே இருந்தது, அந்த வட்டத்தைச் சுற்றி உப்பு பூத்து, வெள்ளையாக, மெல்லிசாக, தலைமுடியை அவிழ்த்து விட்டது மாதிரி நாலா பக்கமும் இழை இழையாகப் போயிருந்தது, வலது பக்கம் மட்டும் ஒரு பெரிய கொம்பு, பாம்பு படம் எடுத்தது போல.

அதைப் பார்த்து நின்றது எங்கள் மைனி ரெஜினாள். என் வீட்டுக்காரருக்கு அக்கா, எங்களோடு ஒரே முற்றத்தில் இருப்பவர்கள். ஊருக்கு மேற்கே கருவேலங்காட்டுக்கு நடுவில் பூமியின் காந்தத்தை அளக்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறது, அதில் கூட்டுகிற வேலை மைனிக்கு. அந்தக் கட்டடத்துக்குள் இரும்பு போகக் கூடாது, போனால் அங்கே உள்ள ஊசி பதறிவிடும், அதனால் மைனி தினமும் வாசலில் உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஊக்கையும் கொண்டை ஊசியையும் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு கையால் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் கூட்டுவார்கள்.

"பெர்பெத்து, இங்க வாட்டி. இது இன்னைக்கு எங்க ஆபீஸ் டிவில ஓடுன படம்லா?"

"எந்தப் படம் மைனி?"

"சூரியன் படம். நமக்கும் சூரியனுக்கும் நடுவுல தூரத்துல ஒரு பெட்டிய நிறுத்தி வச்சிருக்காவ. அதுக்கு வேற வேல கிடையாது, சூரியனையே பாத்துக்கிட்டு இருக்கணும். கண்ணு கூசும்லா, அதுக்காவ குறுக்க ஒரு தட்டப் பிடிச்சு நடுவுல மறைச்சிரும். ஓரத்துல என்ன பொங்குதோ அத மட்டும் படம் எடுத்து அனுப்பும். அச்சு அசல் இதேதான், இந்தக் கொம்பு உட்பட."

"இதுல தட்டு எங்க மைனி?"

மைனி துணியையும் பார்த்தார்கள், பிள்ளையையும் பார்த்தார்கள். "அவுகளுக்குத் தட்டு. நமக்கு உம் மவ குண்டி."

அப்படித்தான் விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் யாரும் மயங்கி விழவில்லை. எங்கள் ஊரில் எதற்கும் முதலில் கேட்கிற கேள்வி இதனால் மீன் கூடுமா குறையுமா என்பதுதான், மீனுக்குச் சம்பந்தமில்லை, ஜி.பி.எஸ்ஸுக்குத்தான் சம்பந்தம் என்று மைனி ஆபீஸில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னபோது சங்கத் தலைவர் கஸ்பார் அண்ணன் "அதுவும் தொழில்தான்" என்று சொல்லி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எங்கள் கொடிக்கு எதிரில் போட்டுக்கொண்டார். மைனி சொல்லிக்கொடுத்த கணக்கு இதுதான், ஒரு பக்கம் மட்டும் கொம்பு முளைத்திருந்தால் சூரியன் வேறு திசைக்குத் துப்பியிருக்கிறது, நமக்கில்லை. வட்டத்தைச் சுற்றி இடைவெளி இல்லாமல் நரைத்திருந்தால் நம்மைப் பார்த்தே துப்பியிருக்கிறது, ஒன்றரை நாளிலோ ரெண்டு நாளிலோ வந்து சேரும். வந்தால் ஆபீஸில் காந்த ஊசி துள்ளும், வயர்லெஸ் இரையும், ஜி.பி.எஸ் புத்தி கெட்டுப் போகும். போன வருஷம் இப்படி ஒன்று வந்தபோது சூசையின் படகு நடுக்கடலில் நிற்க, அது கோயில் பீடத்துக்குப் பின்னால் நிற்பதாக மெஷின் சொல்லியிருக்கிறது, அவனும் மரியாதைக்குத் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டானாம்.

மாதத்துக்குள் ஊருக்கு எல்லாம் பழகிவிட்டது. சங்கத்தில் கூட்டம் போட்டு, தொபியாஸ் மகள் செசிலிக்குக் கடையில் விற்கிற டயப்பர் கட்டக் கூடாது, பிள்ளைக்குத் தண்ணீர் குறையக் கூடாது என்று தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், பிள்ளை விஷயத்தில் அவளுடைய அம்மாவைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பங்குச் சாமியார் வந்து, ஞானஸ்நானத்துக்கு முன்னால் தொடங்கியதா பின்னால் தொடங்கியதா என்று மட்டும் கேட்டார், பின்னால் என்றதும் நிம்மதியாகக் காப்பி குடித்துவிட்டுப் போனார். பிள்ளை வைத்திருந்த மற்ற பெண்களும் கருநீலத் துணி வாங்கிக் கட்டிப் பார்த்தார்கள், சூசை மகன் துணியில் ஆட்டுக்குட்டி மாதிரி ஒன்று விழுந்தது, அதற்கு அர்த்தம் யாருக்கும் தெரியவில்லை, சூசை பெண்டாட்டி மட்டும் அது செம்மறி என்று சாதித்தாள்.

ஆபீஸிலிருந்து வித்யாவதி மேடம் டேப்பும் கேமராவும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வாரம் எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து துணிப் படத்தையும் பெட்டிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, துணி நாற்பது நிமிஷம் முந்தி என்று கண்டுபிடித்து, அன்று சாப்பிடவே இல்லை. மேலே எழுதிப் போட்டார்கள். மேலேயிருந்து, கருவியின் பெயர், தயாரிப்பு ஆண்டு, பராமரிப்பவர் தகுதி ஆகியவற்றைத் தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. மேடம் நேர்மையானவர்கள். செசிலி, போன நவம்பர், ஐந்தாம் வகுப்பு என்று எழுதி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பதில் இல்லை.

இதில் சேராத ஒரே ஆள் என் வீட்டுக்காரர் தொபியாஸ். "எம் மவ மூத்திரத்தப் பாத்துட்டு நான் கடலுக்குப் போவணுமாக்கும்?" என்று கொடியின் பக்கம் திரும்பாமல் முகத்தை மேற்கே வைத்துக்கொண்டே வீட்டைவிட்டு இறங்குவார். கோபம் இல்லை அது, வெட்கம். அவருக்கும் என்னை மாதிரிதான், ஆனால் ஆம்பளை வெட்கப்பட்டால் வீராப்பு மாதிரி தெரியும். அவர் ஜி.பி.எஸ்ஸைத்தான் நம்புவார், அதைப் பொண்டாட்டி மாதிரி துண்டில் பொதிந்து கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார், பொண்டாட்டியை அப்படிக் கொண்டுபோனதில்லை.

செசிலிக்கு எட்டு மாதமான ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் செசிலி ஒரு துணி நனைத்தாள். கொடியில் போட்டேன். காய்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைத் துணி பொழுது இறங்கியும் வெளியில் கிடக்கக் கூடாது, மேலே ராத்திரிப் பறவை, புள்ளு, பறந்தால் பிள்ளைக்குச் சீர் என்கிற நோய் வந்து மெலிந்துபோகும் என்பார்கள், சூரியனைப் படம் பிடிக்கிற பிள்ளைக்கும் அதே சட்டம்தான். மைனி வந்து ஈரத்தோடு எடுத்து, நாலாக மடித்து, கூடையில் மற்ற துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். ஈரத்தில் எந்தப் படமும் தெரியாது. காய்ந்தால்தான் உப்பு பூக்கும்.

திங்கள் விடியுமுன் பதினைந்து படகும் போய்விட்டன, நேற்று கடைசியாகக் காய்ந்த துணியில் ஒன்றுமில்லை என்ற தைரியத்தில். ஒரு ராத்திரி தங்கிப் பிடித்துவிட்டு, செவ்வாய் விடிவதற்குள் ஏலத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்புகிற வழியில் தீவுக்கும் பாருக்கும் நடுவே ஒரு வாய் இருக்கிறது. பார் என்றால் தண்ணீருக்குள் கிடக்கிற பவளப்பாறை, படகின் அடிவயிற்றைக் கத்தி மாதிரி கீறிவிடும். அந்த வாய் ரெண்டு படகு அகலம்தான். இருட்டில் அதற்குள் நுழைகிறவர்களுக்கு ஜி.பி.எஸ் கோடுதான் கண்.

மத்தியானம் நான் கூடையைக் கொட்டியபோது அந்தத் துணி கையில் வந்தது. உதறிக் கொடியில் போட்டேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, செசிலிக்குப் பால் கொடுத்துவிட்டு வருவதற்குள் காய்ந்திருந்தது. வட்டத்தைச் சுற்றி வெள்ளை. ஒரு விரல் நுழைய இடைவெளி இல்லை. உப்பு தடித்துப்போய்த் துணி அப்பளம் மாதிரி விறைத்து நின்றது, காற்றடித்தும் ஆடவில்லை.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மைனி காட்டு வழியில் ஓடி வந்தார்கள், ஒரு கையால் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, ஊக்கைத் தட்டிலேயே விட்டுவிட்டு.

"பெர்பெத்து! டிவி முழுக்க வெள்ளையாக் கிடக்கு. நேத்து சாயங்காலம் எடுத்த படமாம், ஞாயித்துக்கிழமைன்னு யாரும் பாக்கல. மேடம் எந்திரிச்சு நின்னுக்கிட்டே இருக்காவ. நாளைக்கு விடியுமுன்ன வந்து அடிச்சிருமாம். மேல எழுதியாச்சாம்."

"எழுதுனா நம்ம ஊருக்கு எப்ப வரும் மைனி?"

"சூரியன்ல இருந்து இங்க வர ஒன்றரை நாளு. ஆபீஸ்ல இருந்து மேல போயிச் சுத்தி நம்ம ஊருக்கு வர பதினோரு நாளு. போன தடவ எண்ணிப் பாத்தேன்." அப்புறம்தான் கொடியைப் பார்த்தார்கள். கையை ஜாக்கெட்டிலிருந்து எடுத்து வாயில் வைத்தார்கள். "நேத்து நான் மடிச்சு வச்சதா இது?"

நான் தலையாட்டினேன்.

விறைத்த துணியைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, இடுப்பில் செசிலியோடு சங்கக் கொட்டகைக்குப் போனோம். கஸ்பார் அண்ணன் துணியைப் பார்த்தார், எழுந்தார், வயர்லெஸ்ஸில் மைக்கை எடுத்துக் கூப்பிட்டார். சொன்னது ஒரே வரி, "துணி முழுசா நரைச்சிருக்கு, இருட்டுமுன்ன வாய் தாண்டி உள்ள வந்துருங்க, மெஷின நம்பாதீங்க, கண்ணால பாத்து வாங்க." ஒவ்வொருத்தராகப் பதில் வந்தது. சூசை வாறேன் என்றான், அவனுக்குப் பின்னால் ஒருத்தன், அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன், ஒருத்தன் செசிலிக்கு நன்றி சொல்லச் சொன்னான். நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினாலு.

"ஆரோக்கிய ராணி, ஆரோக்கிய ராணி. ஏலே தொபியாசு, கேக்கா? ஓவர்."

ஆரோக்கிய ராணி எங்கள் படகு. இரைச்சல்தான் வந்தது.

"அவன் பேச மாட்டான் அண்ணே," என்றது சூசையின் குரல். "அவன் பாயிண்டுல நிக்கான்."

மீன் குவிந்து கிடக்கிற இடத்தை எண்ணாக ஜி.பி.எஸ்ஸில் ஏற்றி வைத்திருப்பார்கள், அதற்குப் பெயர்தான் பாயிண்ட். அண்ணன் தம்பிக்குச் சொல்ல மாட்டான், சாகிறபோது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுவான், பாயிண்டைச் சொல்ல மாட்டான். பாயிண்டில் நிற்கிறவன் வயர்லெஸ்ஸில் பேசவும் மாட்டான், குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை வைத்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று மற்றவன் கணக்குப் போட்டுவிடுவான். வாயை மூடி வைப்பார்கள். ஆனால் காதை மூட மாட்டார்கள், அடுத்தவன் பாயிண்ட் எங்கே தவறி விழும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

கஸ்பார் அண்ணன் ஆறு தடவை கூப்பிட்டார். ஏழாவது தடவை மைக்கை என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கினேன். பொத்தானை அழுத்தினேன். ஒரு நிமிஷம் முழுக்கக் கடல் கேட்டது செசிலி விரல் சப்புகிற சத்தத்தைத்தான், பிறகு அவளுக்கு விக்கல் வந்தது, அதையும் கேட்டது.

"செசிலி அப்பா," என்றேன். "நான்தான்."

இரைச்சல்.

"வட்டம் முழுசா நரைச்சிருக்கு. ராத்திரி அந்த வாய்க்குள்ள வராதிய. இப்பவே கிளம்பி வாங்க."

அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வலையை இழுத்துக்கொண்டு, வயர்லெஸ் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முகத்தை மேற்கே வைத்துக்கொண்டு. பதினாலு படகு தன் மகளுடைய மூத்திரத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் காது சிவந்துபோய். இந்த மனுஷன் வெட்கத்திலேயே செத்துப்போவார், நான் வெட்கத்திலேயே அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், பிள்ளைக்கு எட்டு மாதம் என்று நினைத்தபோது எனக்குள் எதுவோ ஒன்று ஊக்கு கழன்ற மாதிரி விட்டுப்போனது.

"பதில் சொல்லலன்னா ஒங்க பாயிண்ட வாசிச்சிருவேன்."

வயர்லெஸ்ஸில் இரைச்சல்கூட அடங்கின மாதிரி இருந்தது, பதினாலு படகும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"தூக்கத்துல தினமும் சொல்லுதிய. எனக்கு மனப்பாடம்."

"வாசிங்க மைனி," என்றான் சூசை, குரலில் தேன் ஒழுக. "கொஞ்சம் மெதுவா வாசிங்க. ஏலே எவனாவது பென்சில் எடுல."

"எட்டு," என்றேன்.

இரைச்சல்.

"நாப்பத்தியொண்ணு. முன்னூத்திப் பதினேழு." செசிலி இடுப்பிலிருந்து வழுக்கினாள், ஏற்றிக்கொண்டேன். "வடக்கு சொல்லியாச்சு. இனி கிழக்கு. எழுபத்தியெட்டு. இருவத்தி..."

"ஏட்டி! ஏட்டி பெர்பெத்து! மைக்க வைட்டி!"

அவர் குரல்தான். இவ்வளவு சத்தமாக அவர் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஊரும் கடலும் கேட்டது.

"வாறியளா?"

"வாறேன்! வலைய அறுத்துப் போட்டுட்டு வாறேன்! வாய மூடு தாயி!"

"கண்ணால பாத்து வரணும்."

"ரெண்டு கண்ணாலயும் பாத்து வாறேன்!"

நான் மைக்கை வைத்தேன். ஓவர் சொல்ல மறந்துவிட்டேன் என்று கஸ்பார் அண்ணன் பிறகு சொன்னார். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார், சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன், செசிலி அந்த நேரம் பார்த்து என் மடியில் இன்னொன்று நனைத்தாள், துணி இல்லாததால் அது என்ன படமென்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

பொழுது கருவேலங்காட்டைத் தொடுவதற்குள் பதினைந்தும் வந்துவிட்டன. ஆரோக்கிய ராணி கடைசி. அவர் இறங்கினார், என்னைப் பார்க்கவில்லை, வலையில்லாத படகை மேலே இழுத்துப் போட்டார், வந்து சாப்பிட்டுப் படுத்தார். செவ்வாய் விடியுமுன் வயர்லெஸ் நண்டு வறுக்கிற மாதிரி பொரிந்தது, ஆபீஸில் ஊசி துள்ளித் துள்ளித் தாளுக்கு வெளியே போய்விட்டதாம், மேடம் கைதட்டினார்களாம். நாங்கள் கரைக்குப் போனபோது அவர் படகில் உட்கார்ந்து ஜி.பி.எஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு மணலில் கிடக்கிறது. மெஷினில் உள்ள சின்னப் படகு மட்டும் தானாக நகர்ந்து, வாயை விட்டு விலகி, நிதானமாகப் பாரின் மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் துண்டில் பொதியாமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்து எங்கள் முற்றத்துக்கு வந்து, கஸ்பார் அண்ணனுடைய நாற்காலியைக் காலால் நகர்த்திவிட்டு, கொடிக்கு முன்னால் நின்று, தன் மகளுடைய துணிகளை முதல் தடவையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

நான் சொன்ன வடக்கை எழுதிக்கொண்டு, கிழக்கைத் தோராயமாகக் கணக்குப் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் நாலு படகு போயிருக்கிறது. வலை போட்ட இடத்தில் மீன் இல்லை, பாறைதான், நாலு வலையும் கந்தல். சூசை தெருவில் என்னைப் பார்த்து "மைனி, நீங்க ஊமையாவே இருந்திருக்கலாம்" என்றான். இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் நாள் முழுக்கச் சிரித்தார், அன்று சாயங்காலம் நான் இதே வாளிக்கு முன்னால் குந்தியிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாரும் இல்லையே என்று ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார், "ஏட்டி, ஒரு எண்ணு தப்பாச் சொல்லிட்டடி, அடுத்த தடவ கூப்பிட்டாச் சரியாச் சொல்லு" என்று. சொந்தத் தம்பிக்குச் சொல்லாத எண்ணை எனக்குச் சொன்னார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன், மனசுக்குள் சொன்னால் சொன்னதாகாது, அதனால் உங்களுக்கு மட்டும், முன்னூத்திப் பதினேழு இல்லை அது, எட்டு, நாற்பத்தியொன்று, அதற்குப் பிறகு

"பெர்பெத்து! பிள்ள நனைச்சிட்டாட்டி, வெயில் இருக்கும்போதே வந்து எடுத்துப் போடு!"

இதோ வாறேன் மைனி, அதற்குப் பிறகு முன்னூற்றி